நீலத் துண்டு

கொட்டாவி விட்டுவிட்டார். கையால் வாயைப் பொத்தி, சத்தத்தைத் தொண்டைக்குள்ளேயே மடித்து, எதிரிக்குத் தெரியாமல் பாலத்தைக் கடக்கிற மாதிரி விட்ட கொட்டாவி. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் நான். மகள் காலேஜ் முடித்து வேலைக்கே போய்விட்டாள், அவள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே இந்த மனிதரின் கொட்டாவியைப் பாடம் படித்துக்கொண்டிருக்கிறேன். மற்ற வீட்டு ஆம்பிளைகளுக்குக் கொட்டாவி வந்தால் தூக்கம் வருகிறது என்று அர்த்தம். இவருக்கு வந்தால் தலைவலி வருகிறது என்று அர்த்தம். முதலில் கொட்டாவி, பிறகு பின்கழுத்தைத் தேய்ப்பார், பிறகு வார்த்தைகள் காணாமல் போகும், தண்ணீர் என்று சொல்ல வராமல் அது, அந்த இது என்பார், பிறகு இடது கண்ணோரத்தில் உடைந்த கண்ணாடி வளையல் மாதிரி ஒரு வெளிச்சம் நெளியும், அதற்கப்புறம் அவர் இல்லை, இருட்டு அறையில் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு மூட்டை கிடக்கும். காட்பாடியில் ரயில் ஏறும்போதே ஒன்று விட்டார். விடியற்காலையில் எழுந்த அசதி என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். இப்போது இது. இன்றைக்குத்தான் வர வேண்டுமா, இந்த ராணுவ ஆஸ்பத்திரி வராந்தாவில், இந்தக் கதவுக்கு எதிரில். கதவுக்குப் பின்னால் மெடிக்கல் போர்டு உட்கார்ந்திருக்கிறது. ஓய்வுபெற்ற ஹவில்தார் தணிகாசலத்துக்கு வருகிற ஒற்றைத் தலைவலி பட்டாளத்து வேலையால் வந்ததா, இல்லையா, வந்தது என்றால் அது ஊனத்தில் சேர்த்தியா, இல்லையா என்று சொல்லப்போகிறார்கள். ஒரு முறை இல்லை என்று சொன்னார்கள். அதை எதிர்த்து மனு, மனு தள்ளுபடி, அதை எதிர்த்துத் தீர்ப்பாயம், தீர்ப்பாயம் சொன்னது, இன்னொரு போர்டு பார்க்கட்டும், அந்தப் போர்டு சொல்வதே முடிவு. அந்த முடிவுக்குத்தான் இந்த மனிதர் கோட்டு, ரெஜிமென்ட் டை, முகம் பார்க்கிற மாதிரி தேய்த்த ஷூவோடு வந்து நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருக்கிறார். நோயாளி மாதிரி வாங்க என்று கெஞ்சினேன், பெண் பார்க்கப் போகிற மாதிரி வந்திருக்கிறார். ஆபீசர் முன்னாடி அப்படிப் போவ முடியாது புனிதா என்கிறார். ஆபீசருக்கு முன்னால் இவர் எப்படிப் போவார் என்பதுதான் எங்கள் வழக்கின் பாதி.

கைப்பைக்குள் மாத்திரை இருக்கிறது. கைப்பை என் மடியில் இருக்கிறது. விரல் ஜிப்பின் மேல் இருக்கிறது. கொட்டாவி நேரத்தில் போட்டுவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும், கண்ணில் வளையல் உடைந்த பிறகு போட்டால் பாதிக்குப் பாதி, வாந்தி தொடங்கிவிட்டால் அது மாத்திரை இல்லை, சுண்ணாம்பு. இப்போது கொடுக்க வேண்டும். கொடுத்தால் என்ன ஆகும், வலி வராமலே உள்ளே போவார், டை கட்டிய ஆரோக்கியமான மனிதர் ஒருவர் சல்யூட் அடித்துவிட்டு எனக்குத் தலைவலி என்பார், அதையும் சொல்வாரோ மாட்டாரோ. கொடுக்காவிட்டால். அருளப்பன் அதைத்தான் சொன்னார். சுபேதாராக ஓய்வு பெற்றவர், இவரோடு ஒரே ரெஜிமென்ட், குடியாத்தத்தில் அவர் வீட்டு முன் அறைதான் எங்கள் பக்கத்து மாஜி ராணுவத்தாருக்கெல்லாம் வக்கீல் ஆபீஸ், மனு எழுதுவார், நகல் எடுப்பார், யார் வந்தாலும் அவர் மனைவி டீ போடுவாள், எங்களுக்காக மட்டும் எத்தனை டீ போட்டிருப்பாள், அந்தப் புண்ணியவதிக்கு நான் ஒரு புடவை கூட எடுத்துக் கொடுத்ததில்லை. அந்த அருளப்பன் போன வாரம் இவர் பாத்ரூம் போன நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "அக்கா, அன்னைக்கு ஒரு நாள் மட்டும் மாத்திரையைக் குடுக்காதீங்க. வலி வந்தா வரட்டும், வலியோடயே உள்ள போகட்டும். கண்ணால பாத்தாத்தான் நம்புவாங்க," என்றார். அது எப்படி அண்ணே, பொய் மாதிரி ஆகாதா என்றேன். "பொய்யா? மாத்திரை குடுத்துக் குடுத்து உண்மையை மறைச்சு வச்சிருக்கறதே நீங்கதான்," என்றார். எனக்கே பதில் வரவில்லை. எனக்குப் பதில் வராமல் போனதைக் கேள்விப்பட்டால் எங்கள் தெருவில் பாயசம் வைப்பார்கள். சரி என்று தலையாட்டிவிட்டேன். சரிதானே, ஒரு நாள், ஒரே ஒரு நாள், எத்தனை வலியைப் பார்த்தாயிற்று, இன்னொன்று. கழுத்துக்குக் கை போகிறதா. இல்லை, டையைச் சரி செய்கிறார்.

முதல் போர்டில் என்ன நடந்தது என்று நினைத்தால் எனக்கே தலைவலி வருகிறது. வடக்கே எங்கேயோ, ஓய்வுக்கு முந்தின வருஷம், அப்போதெல்லாம் நான் கூடப் போகவில்லை. உள்ளே போனதும் அந்த ஆபீசர் சிரித்த முகமாக, என்ன ஹவில்தார், எப்படி இருக்கிறாய் என்று இந்தியில் கேட்டிருக்கிறார். இவர் என்ன சொல்ல வேண்டும். மாசத்தில் பாதி நாள் செத்துப் பிழைக்கிறேன் சார் என்று சொல்ல வேண்டும். இவர் குதிகாலை டக்கென்று சேர்த்து நிமிர்ந்து, ஃபிட் சார், என்றிருக்கிறார். அந்த ஒரு கேள்விக்கு அந்த ஒரு பதில்தான் உண்டு என்று பத்தொன்பது வயதில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், கால் போனவனும் அதைத்தான் சொல்வான் போலிருக்கிறது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வீட்டில் ஏதாவது பிரச்சினையா, கவலையா என்று ஆபீசர் கேட்க, நம்ம ஆள், ஆபீசர் சிரிக்கிறார், நாமும் நிலைமையை லேசாக்குவோம் என்று, "சார், கல்யாணம் ஆயிடுச்சு சார்," என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். சிரித்துக்கொண்டே எழுதிவிட்டார்கள். சேவையால் வந்ததல்ல, உடல்வாகு, குடும்பச் சூழல் காரணமான மன அழுத்தம். தபாலில் வந்த அந்தத் தாளை நான்தான் வாசித்தேன், கான்வென்ட்டில் படித்த பெண்டாட்டி எதற்கு இருக்கிறாள், வாசித்து அர்த்தம் சொல்லத்தானே. வாசித்தேன். குடும்பச் சூழல் என்றால் யார், நான். நாத்தனார் கல்யாண வீட்டில் சொல்வதையும் தெருமுனைக் கடைக்காரன் சொல்வதையும் சேர்த்து அரசாங்கமே முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறது, உன் வாய்தான் அவன் தலைவலி. பீரங்கி இல்லை, பனி இல்லை, நான். அன்றைக்கு நான் பேசிய பேச்சுக்கு அந்த ஆபீசர் கண்டறிந்தது சரிதான் என்று நிரூபணமே ஆகியிருக்கும். பேசி முடித்ததும் இவர் ஒன்று சொன்னார், "சிரிச்சா ஒரு நல்ல வார்த்தை எழுதுவாருன்னு நெனச்சேன் புனிதா." அதற்கு மேல் என்ன திட்டுவது. திட்டுவதற்கு எதிரில் ஆள் வேண்டும், இப்படி ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு.

இந்தத் தலைவலி வந்தது எங்கே என்று எனக்குத் தெரியும், அவர் சொல்லித் தெரியவில்லை, அருளப்பன் சொல்லித் தெரிந்தது. பீரங்கிப் படை. ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் பக்கத்தில் நிற்பவனின் மண்டைக்குள் இருப்பதெல்லாம் ஒரு முறை இடம் மாறி உட்காருமாம், காதில் பஞ்சை அடைத்துக்கொள், வாயைத் திறந்து வைத்துக்கொள், அவ்வளவுதான் பாதுகாப்பு. அப்புறம் அந்த உயரமான மலை, மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டுகிற இடம், அங்கேதான் முதல் முறை கண்ணில் வளையல் உடைந்திருக்கிறது, பனியில் வெயில் பட்டுக் கூசுகிறது என்று நினைத்தாராம், கூடாரத்துக்குள் போன பிறகும் கூசியதாம். நர்சிங் ஆளிடம் சொல்லி, பெயர் எழுதி, கீழே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஏன் போகவில்லை. ஆள் குறைவு, ஒருத்தன் இறங்கினால் அவன் காவலையும் இன்னொருத்தன் சேர்த்து நிற்க வேண்டும், அந்த இன்னொருத்தன் அருளப்பன், அவருக்கு அப்போது காலில் பனிக்கடி. அதுவும் போக, தலைவலி என்று போகிறவனுக்குப் பட்டாளத்தில் பெயர் டிராமா கம்பெனி. காலில் கட்டுப் போட்டிருந்தால் மரியாதை, தலைக்குள் என்ன கட்டுப் போடுவது. ஆக இவர் சொல்லவில்லை, சொல்லாததால் யாரும் எழுதவில்லை, எழுதாததால் ஃபைலில் இல்லை, ஃபைலில் இல்லாததால் வியாதியே இல்லை. அருளப்பன் தன் கால் பனிக்கடிக்குப் பென்ஷனில் ஊனத்தொகை வாங்குகிறார். அந்தக் காலுக்காகத்தான் அந்த மனிதர் எங்கள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைகிறார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும், இவர் மட்டும் இன்னும், அருளப்பன் சாப் தங்கமான ஆளு, எல்லாருக்கும் செய்வாரு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தங்கமானவர்தான். இருவருமே. காசு வேண்டாம் என்று சொல்ல நான் ஒன்றும் சந்நியாசி இல்லை, வரட்டும், வந்தால் வலிக்காது. ஆனால் இவருக்கு வேண்டியது ஒரே ஒரு வரி, வேலை பார்த்த இடத்தில் வந்தது என்று. எனக்கு வேண்டியது ஒரே ஒரு வரியை அடிப்பது. குடும்பச் சூழல் என்ற அந்த வரியை.

தேய்க்கிறார். பின்கழுத்தைத் தேய்க்கிறார். பார்க்காத மாதிரி எதிர்ச் சுவரைப் பார்க்கிறேன். கைகழுவும் முறை என்று ஒரு படம், கையே இல்லாதவர்களும் வந்து உட்காருகிற இடத்தில். பக்கத்து பெஞ்சில் ஒருவர் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நெல் அறுப்பு இயந்திரத்துக்கு வாடகை பேசுகிறார், அந்தப் பக்கம் பேசுகிறவன் இயந்திரத்துக்குள்ளிருந்தே பேசுகிறான். மேலே ஒரு டியூப்லைட், துடிக்கிறது, எரிந்தால் எரி, அணைந்தால் அணை, இது இரண்டும் இல்லாமல் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது, இதுதான் இவருக்கு விஷம். பினாயில் நெடி. பெயர் கூப்பிடுகிற ஆர்டர்லி, நரைத்த மீசை, அடுத்த ஆளைக் கூப்பிடுவதற்குப் பரங்கிமலை வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு தொண்டை. சத்தம், வெளிச்சம், நெடி, மூன்றும் சேர்த்து எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறார்கள், தலைவலிக்காரர்களுக்கென்றே கட்டிய வராந்தா. எங்கள் தெருவாக இருந்தால் இந்நேரம் நீலத் துண்டு தொங்கியிருக்கும். எல்லாம் அடங்கியிருக்கும்.

அந்தத் துண்டு தொங்க ஆரம்பித்தது தனிக்கதை. ஓய்வு பெற்று ஊரோடு வந்த புதிதில் ஒரு நாள் இவர் உள்ளே மூட்டையாகக் கிடக்கிறார், நான் ஈரத் துண்டைப் பிழிந்து நெற்றியில் போட்டுக்கொண்டிருக்கிறேன், தெருவில் முனிரத்தினத்தின் காய்கறி வண்டி, தக்காளி தக்காளி நாட்டுத் தக்காளி என்று பதிவு செய்து வைத்த குரல் குழாயில் அலறுகிறது, வாளியில் இவர் ஒவ்வொரு தக்காளிக்கும் ஒரு முறை. கையில் துண்டோடு கேட்டுக்கு ஓடினேன். என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை, முனிரத்தினத்துக்கு இருக்கிறது, அவ்வப்போது எடுத்துச் சொல்லிச் சிரிக்கிறான். குழாயை அணைத்தான். அவசரத்தில் துண்டை கேட் கம்பியிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டேன். சாயங்காலம் வரை அங்கேயே தொங்கியிருக்கிறது. அடுத்த முறை வெறுமே காய்வதற்காக அங்கே போட்டிருந்தேன், வண்டி எங்கள் வீட்டைச் சத்தமில்லாமல் தாண்டிப் போனது, மறுநாள் முனிரத்தினம் கேட்டான், "ஏம்மா, இந்தத் துண்டு தொங்குனா சாருக்கு முடியலைன்னு வச்சுக்கலாமா? நீங்க ஓடி வந்து திட்டற வேலை மிச்சம்." அவ்வளவுதான் நடந்தது. அவன் பால்காரரிடம் சொன்னான், பால்காரர் எதிர்வீட்டு ஜெபமாலை டீச்சரிடம் சொன்னார். துண்டு தொங்கினால் டீச்சர் டியூஷன் பிள்ளைகளைக் கொல்லைப்பக்கம் ஓட்டிக்கொண்டு போவாள், குக்கரை இறக்கிவிட்டுச் சட்டியில் சோறு வடிப்பாள். பால்காரர் கேட் தாழ்ப்பாளைத் தூக்கிப் பிடித்துத் திறப்பார். ஆடி மாசத்தில் மைக்செட்காரன் குழாயை ஏரிப்பக்கம் திருப்பிக் கட்டுவான், அம்மனுக்குக் கோபம் வந்தா உங்க பேரைச் சொல்லிடறேன் என்பான். இதில் ஒரு ஆள் மிச்சமில்லாமல் நான் சண்டை போட்டிருக்கிறேன். டீச்சரோடு சாக்கடைத் தண்ணீருக்காக ஒன்றரை வருஷம் பேச்சில்லை, அந்த ஒன்றரை வருஷமும் அவள் குக்கர் ஒரு விசில் அடித்ததில்லை. சிஸ்டர் ஆகத்தா, நான் படித்த கான்வென்ட் கன்னியாஸ்திரி, வாய் நீளும் பெண்களை முட்டிபோட வைக்கமாட்டார், எழுந்து நின்று, குறை சொல்வதற்கு முன்னால் யாருக்காவது ஒரு தேங்க்ஸ் சொல்லிவிட்டு உட்கார் என்பார். முதலில் தேங்க்ஸ், அப்புறம் கம்ப்ளெயின்ட். சிஸ்டர், இந்த ஒரு தெருவுக்கே நான் நாள் முழுக்க நிற்க வேண்டும். தெருநாய்களுக்கு மட்டும்தான் இன்னும் துண்டின் அர்த்தம் பிடிபடவில்லை. இவ்வளவையும் மனுவில் எழுதலாமே அண்ணே என்று அருளப்பனிடம் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தெருவுக்குத் தெரியறது ஃபைலுக்குத் தெரியணுமே அக்கா," என்றார்.

வலி விட்ட மறுநாள் காலையில் இவரைப் பார்க்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த தெரு மாதிரி இருப்பார். முகமெல்லாம் வெளுத்து, கண் மட்டும் புதிதாக, ரசம் சோறு கேட்பார், மிளகு தூக்கலாக. அப்பளம் நொறுங்கும் சத்தத்தைத் தாங்க முடிகிறதே என்று அதிசயமாகக் கேட்டுக்கொண்டே தின்பார். அன்றைக்கு நான் என்ன பேசினாலும் சிரிப்பார், பேசு பேசு, நேத்தெல்லாம் உன் குரலே கேக்கல என்பார். உலகத்தில் என் குரலுக்கு ஏங்குகிற ஒரே பிறவி. ஒருத்தன் தலைவலிக்கு நான் காரணம் என்றால் அவன் தலைவலி விட்டதும் முதலில் கேட்பது என் குரலையா. இதை எந்தப் போர்டில் போய்ச் சொல்வது.

"புனிதா."

திரும்பினேன்.

"அது எடு. அந்த... அது." விரலைக் காற்றில் ஆட்டுகிறார், இடது கண் சுருங்கியிருக்கிறது. "தொங்கறது."

துண்டு. துண்டு என்ற சொல் போய்விட்டது. வார்த்தை போய்விட்டது என்றால் வளையல் உடைந்துகொண்டிருக்கிறது, இனி கால் மணி, அரை மணி. பையிலிருந்து துண்டை எடுத்தேன், ரயிலில் வேண்டியிருக்கும் என்று நனைத்து பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தேன், நீட்டினேன், அதற்குள் எதிர் பெஞ்சில் ஒரு ரிட்டயர்டு கேப்டன் உட்காருவதைப் பார்த்துவிட்டார், வேணாம், அப்புறம் என்று கையை இழுத்துக்கொண்டார். நேராக உட்கார்ந்தார். டியூப்லைட் துடிக்கிறது. அவர் தாடை ஒரு பக்கம் அந்தத் துடிப்புக்கே இறுகி இறுகி விடுகிறது. இதுதான், இதைத்தான் பார்க்க வேண்டும் அவர்கள். சரியான நேரம். அருளப்பன் கேட்டால், அக்கா, சாமியே வழி விட்டுது என்பார். கொஞ்ச நேரம் பொறுத்தால் போதும். ஜிப்பிலிருந்து விரலை எடுத்தேன். எடுத்துவிட்டு என் கையைப் பார்த்தேன். கட்டின நாளிலிருந்து அவருக்கு வலிக்கும்போது இந்தக் கை செய்யாத ஒன்றை இப்போது செய்துகொண்டிருக்கிறது, சும்மா இருக்கிறது. தெருவே சட்டியில் சோறு வடிக்கிறது, நான் கைப்பையை மூடிப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதனுக்கு வலி முற்றட்டும் என்று பழம் பழுக்கக் காத்திருக்கிற மாதிரி காத்திருக்கிறேன். இவரை வண்டியில் ஏற்றிக் காட்சிக்குக் கொண்டுவந்திருக்கிறேனா. முடியாது. முடியாது அண்ணே, நீங்கள் நல்லவர், உங்கள் பேச்சு நியாயம், ஆனால் நீங்கள் வாளியைப் பிடித்ததில்லை. ஜிப்பைத் திறந்து, மாத்திரையைப் பிதுக்கி, அவர் உள்ளங்கையில் வைத்தேன். தண்ணீர் பாட்டிலைத் திருகினேன். அவர் கையைத் திறந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அருளப்பன் சாப் இன்னிக்கு வேணாம்னாரே."

"உங்ககிட்ட எப்ப சொன்னார்?"

"நீ டீ கிளாசை உள்ள குடுக்கப் போனப்ப." கண்ணை மூடிக்கொண்டு பேசினார், ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி. "நீ குடுக்க மாட்டேன்னுதான் நெனச்சேன். நானும் கேக்கறதில்லன்னு இருந்தேன்."

ஆக இவரும் தெரிந்துகொண்டே, விடியற்காலையிலிருந்து, எனக்குத் தெரியக்கூடாது என்று கொட்டாவியை மடித்து மடித்து விழுங்கிக்கொண்டு.

"குடுத்தாச்சு. முழுங்குங்க."

"தோத்துட்டா?"

"தோத்தா தோத்துட்டுப் போறோம். வாயைத் தொறங்க."

"இன்னாத்துக்கு அழற," என்றார், கண்ணைத் திறக்காமலே. அழவில்லை. இந்த இன்னாவை என்ன ஆக்க நான் எடுத்த முயற்சிகளோடு என்னையும் சேர்த்துத்தான் அடக்கம் செய்ய வேண்டும். விழுங்கினார். தண்ணீர் டையில் சிந்தியது, என் முந்தானையால் துடைத்தேன், அந்த கேப்டன் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார், அவருக்கும் ஒரு தேங்க்ஸ். துடைத்த கை எடுப்பதற்குள் அந்தத் தொண்டை, "ஹவில்தார் தணிகாசலம்," என்று வராந்தாவின் சுண்ணாம்பு உதிர்கிற மாதிரி. அவர் முகம் அறை வாங்கிய மாதிரி ஒரு நொடி சுருங்கி, உடனே எழுந்துவிட்டார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். ஃபிட் என்று மட்டும் சொன்னீங்க, நான் உள்ளே வந்துடுவேன் என்றேன். சிரிக்கப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் வந்தது.

கதவு மூடிவிட்டது. கதவுக்கு அடியில் ஒரு விரல் அளவு இடைவெளி, அதில் உள்ளே எரிகிற விளக்கின் வெளிச்சம் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது, வராந்தா விளக்கை விட நல்ல பிரகாசம், ஆபீசர்கள் எழுத வேண்டுமே. அந்தப் பிரகாசத்துக்கு எதிரில் நிற்கிறார். டக்கென்று குதிகால் சேர்கிற சத்தம் கேட்டது. போயிற்று. சல்யூட். இனி எப்படி இருக்கிறாய் என்பார்கள். நான் காதைத் தீட்டுகிறேன், நெல் அறுப்புக்காரர் டீசல் யார் செலவு என்கிறார். உள்ளே ஒரு பெண் குரல், டாக்டரம்மா போலிருக்கிறது, என்ன கேட்கிறாள் என்று தெரியவில்லை, இவர் குரல் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை. ஃபிட் சார் என்று சொல்லியிருந்தால் கேட்டிருக்கும், அதை அவர் சத்தமாகத்தான் சொல்வார், ஆக சொல்லவில்லை, அல்லது வார்த்தைகளே போய்விட்டன, ஃபிட் என்ற வார்த்தையும் போயிருந்தால் அந்த மாத்திரையை முந்திக்கொண்ட வலிக்கு ஒரு கும்பிடு. இல்லை, இப்படி நினைக்கக்கூடாது. மாத்திரை கேட்கட்டும், வலி விடட்டும், வழக்குப் போகட்டும். இல்லை, வழக்கும். இரண்டையும் கேட்கலாமா சிஸ்டர், ஒரே நாளில். முதலில் தேங்க்ஸ். சரி. ரயிலில் ஜன்னலோரத்தை வெயில் படாத பக்கமாக மாற்றிக் கொடுத்த அந்த ஆந்திராக்காரி அம்மாளுக்கு, பாஷை தெரியாமலே புரிந்துகொண்டாள். அருளப்பனின் கால்களுக்கு, அவர் மனைவியின் டீக்கு. முனிரத்தினத்தின் நாட்டுத் தக்காளிக்கு. டீச்சர் அடிக்காத விசில்கள் ஒவ்வொன்றுக்கும். வாளி பிடிக்கிற இரண்டு கைக்கு. ரசம் சோற்றுக் காலைகளுக்கு, பேசு பேசு என்கிற அந்த முகத்துக்கு. நான்தான் காரணம் என்றே எழுதி வைத்திருக்கட்டும், பரவாயில்லை, கல்யாணம் ஆயிடுச்சு சார் என்று சொன்னாரே, ஆனது ஆனதுதான், ஆனதற்கும் ஒரு தேங்க்ஸ். தலை நிமிர்ந்து கதவைப் பார்த்தேன்.

கோடு இல்லை.

கதவுக்கு அடியில் கறுப்பாக இருக்கிறது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன், போச்சு, பாதியில் நிறுத்தி இன்னொரு நாள் வா என்பார்கள், மறுபடி காட்பாடி, மறுபடி டை. மேலே பார்த்தேன். மின்விசிறி சுற்றுகிறது. டியூப்லைட் அதே மாதிரி சிமிட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்து அறைக் கதவுகளுக்கு அடியில் வெளிச்சம் இருக்கிறது. இந்த ஒரு கதவுக்கு அடியில்தான் இல்லை. கரண்ட் போகவில்லை. உள்ளே யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, சுவர் வரைக்கும் நடந்து, சுவிட்சை அணைத்திருக்கிறார்கள். ஆபீசர்கள் உட்கார்ந்து எழுதுகிற அறையில், பட்டப்பகலில், ஜன்னல் திரையும் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது, ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. இவர் கேட்டாரா. மலை மேல் கேட்காதவர், முதல் போர்டில் கேட்காதவர், இத்தனை வருஷத்தில் என்னிடம் கூடக் கேட்காதவர், விளக்கை அணைங்க சார் என்று வாயைத் திறந்து கேட்டாரா. இல்லை, அவர் கேட்காமலேயே அந்தப் பெண் குரல் எழுந்து அணைத்ததா. கேட்டிருந்தால் அது ஒரு அதிசயம், கேட்காமல் அணைத்திருந்தால் அது இன்னொரு அதிசயம், எது என்று எனக்கு இப்போது தெரிய வேண்டாம். உள்ளே ஃபைல் மூடியிருக்கிறது, திறந்திருந்தாலும் இருட்டில் வாசிக்க முடியாது, ஒரு மனிதரை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என்ன எழுதுவார்களோ. எழுதுவதற்கு முன்னால் விளக்கை அணைத்தார்கள். எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது, எழுந்து நின்றேன். மடியில் இருந்த துண்டு கீழே விழப் பார்த்தது, பிடித்தேன். நடந்து போய்க் கதவின் கைப்பிடியில் மாட்டினேன். ஏன் என்று யோசிக்கவில்லை, கை பழகியிருக்கிறது.

"அம்மா," என்றார் அந்த நரைத்த மீசை ஆர்டர்லி, அடுத்த பெயரைக் கையில் வைத்துக்கொண்டு, அதே தொண்டையில், "இங்கல்லாம் துணி காயப்போடக் கூடாது."

வாய் வரைக்கும் வந்தது. நல்ல சூடாக, நல்ல வார்த்தைகளாக, வரிசையில் நின்றன. முழுங்கினேன்.

"காயப்போடலைங்க. உள்ள இருக்கறவருக்குத் தலைவலி. தொங்கினா கொஞ்சம் சத்தம் குறையும், எங்க தெருவுல அப்படி ஒரு பழக்கம்."

அவர் துண்டைப் பார்த்தார். குனிந்து கதவுக்கு அடியில் இருந்த கறுப்பைப் பார்த்தார். பிறகு நெல் அறுப்புக்காரரிடம் போய், போனை அணைக்கும்படி விரலால் காட்டிவிட்டு, ஷூ சத்தம் வராமல் கடைசி பெஞ்ச் வரைக்கும் நடந்து, அங்கே உட்கார்ந்திருந்தவரின் காதருகில் குனிந்து அடுத்த பெயரைச் சொன்னார். என்ன பெயர் என்று எனக்குக் கேட்கவில்லை.